தலைவலித் தைலத்தில் ஓடிய நாளிதழ்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா ஒரு தலைவலித் தைலக்காரரின் பெயரில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அவரும் அவர் தொழிலும்தான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.

நாற்பது வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன். அந்தப் பூங்கா நடிகர் நாகேஸ்வர ராவின் பெயரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யார் இந்தத் தைலக்காரர்?
— வாசகர், நங்கநல்லூர்

நீங்கள் மட்டும் இல்லை, அங்கே தினமும் நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவ் வேறு. இவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. அம்ருதாஞ்சன் என்றால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

1867-ல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். அப்போது அந்தப் பக்கமெல்லாம் சென்னை மாகாணம்தான், அதனால் மேல்படிப்புக்குச் சென்னைக்கு வந்தார், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து 1891-ல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்த பையன் என்றால் வீட்டில் ஒரே கனவுதான், சர்க்கார் உத்தியோகம். இவருக்கு அதில் மனம் போகவில்லை. சென்னையில் கொஞ்ச நாள் வியாபாரம் செய்து பார்த்தார், பிறகு கல்கத்தா, பிறகு பம்பாய். பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை. 1893-ல் அங்கேயே சொந்தமாக வலித் தைலம் ஒன்றைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். வயது இருபத்தாறு.

விலை பத்து அணா என்கிறார்கள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள், சாதாரண ஜனங்களுக்கு அது சின்னக் காசு இல்லை. பெயர் தெரியாத ஒரு தைலத்துக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்? அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சங்கீதக் கச்சேரி நடக்கும் இடங்களில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். மூன்று நான்கு மணி நேரம் கூட்டத்தில், புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் நெற்றிக்கு அந்த நேரத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தடவினால் அக்கம்பக்கத்து நாலு வரிசைக்கு வாசனை போகும். வாங்கிப் பார் என்று அவர் கேட்கவில்லை, தடவிப் பார் என்றார். இன்றைக்கு மூலிகைத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் லேபிளையும் வீடியோவையும் தயார் செய்துவிட்டுத்தான் சரக்கைப் பற்றியே யோசிக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பணம் கொட்டியது, லட்சாதிபதி ஆனார். அதோடு நின்றிருந்தால் நான் இவரைப் பற்றி எழுதியே இருக்க மாட்டேன். 1907-ல் சூரத் காங்கிரஸ் மாநாடு நடந்ததே, தீவிரவாதிகள், மிதவாதிகள் என்று கட்சி இரண்டாகப் பிளந்த மாநாடு, அதற்குப் போனவர் திரும்பி வந்து தெலுங்கில் ஒரு பத்திரிகை வேண்டும் என்று முடிவு செய்தார். 1908-ல் 'ஆந்திர பத்ரிகா' வார இதழ் பம்பாயிலிருந்தே வந்தது. 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழ் ஆக்கினார். 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழ், 1926-ல் மலிவு விலையில் நூல்கள் போட ஒரு பதிப்பகம். பத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும், அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் சுதந்திரப் போராட்டத்தை ஆதரித்து எழுதும் பத்திரிகை என்றால் கையைக் கடிக்காமல் இருக்காது. அந்தச் செலவுக்கெல்லாம் பின்னால் நின்றது இந்தத் தைலம். யாரோ ஒரு குமாஸ்தா தலைவலிக்கு வாங்கிய டப்பாவின் காசு எங்கேயோ ஒரு ஊரில் காலையில் நாளிதழாகப் போய் இறங்கியது என்று நினைக்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். 'தேசோத்தாரக', அதாவது தேசத்தை உயர்த்தியவர், என்று ஜனங்கள் பட்டம் கொடுத்தார்கள்.

அவர் வைத்தியர் இல்லையே. பி.ஏ. படித்த வியாபாரி மருந்து செய்யலாமா? இதை நீங்கள் எப்படிப் பாராட்டலாம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

நியாயமான கேள்வி ஐயா. என் பதில்: எந்த மருந்து, எதற்கு என்பதைப் பொறுத்தது. அவர் செய்தது மேலுக்குத் தடவும் தைலம். ஜுரத்துக்கு உள்ளே குடிக்கிற மருந்தையோ கண்ணுக்குச் சொட்டு மருந்தையோ ஒரு வியாபாரி தானாகவே கலக்கிக் கொடுத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன். தடவிய ஐந்து நிமிஷத்தில் வலிக்காரருக்கே தெரிந்துவிடும், இதமாக இருக்கிறதா இல்லையா என்று. இல்லை என்றால் அடுத்த டப்பா வாங்க மாட்டார். இப்படி வாங்கினவரே உடனுக்குடன் சோதித்துப் பார்க்கக்கூடிய பொருளில் வியாபாரி ஏமாற்றுவது கஷ்டம். சர்க்கரைக்கு, புற்றுக்கு, ரத்தக் கொதிப்புக்கு என்று விற்கப்படும் சூரணங்களில் இந்தச் சோதனை கிடையாது, தெரிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும், உடம்பும் கெட்டிருக்கும்.

தைலம் தடவினால் வலி உண்மையிலேயே போகிறதா, இல்லை வெறும் எரிச்சலில் மறந்துபோகிறோமா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முதலில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். என் பாட்டி நாட்டு மருந்துக் கடையிலிருந்து புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கிவந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைப்பாள். மூன்றுமே கெட்டி. ஊசி ஊசியாக, கல்கல்லாக இருக்கும். அடுப்பில் வைக்க மாட்டாள், தண்ணீரும் விட மாட்டாள். கொஞ்ச நேரத்தில் கற்பூரக் கட்டியின் ஓரம் வியர்த்த மாதிரி ஈரமாகும், பிறகு புட்டியின் அடியில் ஒரு துளி நிற்கும், அப்புறம் பார்த்தால் முழுக்க எண்ணெய் மாதிரித் தெளிந்த நீர். சின்ன வயதில் பாட்டி ஏதோ மந்திரம் போட்டுவிட்டாள் என்றே நம்பினேன். மந்திரம் இல்லை. தனித்தனியாக இருக்கும்போது உருகுவதற்கு நல்ல சூடு கேட்கும் பொருட்கள் இவை, ஒன்றாகக் கலந்தால் ஒன்றின் கட்டமைப்பை இன்னொன்று கலைத்துவிடுகிறது, உருகுநிலை சட்டென்று இறங்கி அறைச் சூட்டிலேயே திரவமாகிவிடுகிறது. வலித் தைலம், இருமல் தைலம் என்று உலகம் முழுக்க விற்கும் எத்தனையோ சரக்குக்கு இந்தப் புதினா உப்பும் கற்பூரமும்தான் அடிப்படை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதினா உப்பு, அதாவது மெந்தால், தோலைக் குளிர வைப்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் சூடு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். நம் நரம்பு முனையில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர், மெந்தால் அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது, மூளை 'குளிர்கிறது' என்று நினைத்துக்கொள்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இருவரும் தனித்தனியாக இதே மெந்தாலை வைத்துத்தான் 2002-ல் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். சூடு, தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நெற்றியில் குளுமை உணர்வு போய்ச் சேரும்போது வலியின் சத்தம் அடங்குகிறது. பல தைலங்களில் விண்டர்கிரீன் எண்ணெய்ச் சத்து இருக்கும், மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தோல் வழியாக ஓரளவு உள்ளேயும் போகும்.

அதனால்தான் இரண்டு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வகைத் தைலத்தை மூட்டு முழுக்க அள்ளி அள்ளித் தடவக் கூடாது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவது, கைக்குழந்தையின் மூக்கில் தைலம் வைக்காதீர்கள், கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள், கொஞ்சம் வாயில் போட்டால்கூட வலிப்பு வரும். பாட்டி அந்தப் புட்டியை உத்தரத்துக்குப் பக்கத்தில் மாடத்தில்தான் வைத்திருப்பாள்.

அப்புறம், தைலம் வலியைத் தணிக்கும், காரணத்தைத் தீர்க்காது. வாரத்துக்கு நான்கு நாள் தலைவலி என்றால் தைலத்தை நம்பி உட்காராதீர்கள், கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கொழுந்தனார் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். நஷ்டம். இப்போது மூலிகை எண்ணெயும் சூரணமும் தயாரிக்கப் போகிறேன் என்கிறார். யாரோ ஒரு மலைவாசிப் பெரியவர் கொடுத்த ரகசியச் செய்முறையாம், சர்க்கரை வியாதியே போய்விடுமாம். நகையை அடகு வைத்து நான்கு லட்சம் கொடுக்கச் சொல்லி என் கணவரைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, நாமக்கல்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தொழிலில் அடிபட்டவர் இன்னொன்றில் எழுந்து நிற்பது தப்பே இல்லை. ஆனால் 'ரகசியம்' என்ற வார்த்தையும் 'சர்க்கரையே போய்விடும்' என்ற வார்த்தையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இதே கதை நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. சார்லஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்று பர்மிங்காம் இளைஞர் ஒருவர். காசநோய் வந்தது, நல்ல காற்றுக்காக 1897-ல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே நாட்டு வைத்தியர் ஒருவர் ஒரு வேரைக் காய்ச்சிக் கொடுத்தார், ஸ்டீவன்ஸுக்கு உடம்பு தேறிவிட்டது. ஊருக்குத் திரும்பி அதே வேரை வைத்துக் காசநோய் மருந்து என்று கம்பெனி ஆரம்பித்தார். எந்தச் செடி என்று மட்டும் சொல்லவில்லை. 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இவரையும் சேர்த்துப் போலி என்று எழுதியது. மானநஷ்ட வழக்குப் போட்டார். முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒத்துவரவில்லை, 1914-ல் இரண்டாவது விசாரணையில் தோற்றார்.

இதில் மனசை உறுத்துவது என்னவென்றால், அவர் சுத்தமான மோசடிக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்குக் குணமானதை நிஜமாகவே நம்பினார். பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்த வேரை அடையாளம் கண்டார்கள், நாம் தொட்டியில் வளர்க்கும் ஜெரேனியத்தின் சொந்தக்காரச் செடி, பெலார்கோனியம். அதன் சாறு ஜெர்மனியில் இன்றைக்கும் இருமலுக்கும் மார்புச் சளிக்கும் மருந்தாக விற்கிறது. ஆக, வேரில் ஏதோ ஒரு குணம் இருந்திருக்கிறது. ஆனால் இருமலுக்கு உதவுகிற வேரைக் காசநோய்க்கு என்று விற்றதும், செடியின் பெயரை மறைத்ததும் அவரைக் கவிழ்த்தன. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பாட்டிலை நம்பிக் காத்திருந்த நோயாளிகளுக்கு. காசநோய்க்கு நிஜமான மருந்து 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகுதான்.

உங்கள் கொழுந்தனாருக்கு வருவோம். சித்த, ஆயுர்வேத மருந்து தயாரித்து விற்க 1940-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், மாநில அரசின் இந்திய மருத்துவத் துறை கொடுப்பது. இடம் எப்படி இருக்க வேண்டும், தகுதியுள்ள ஆள் மேற்பார்வை, மூலப்பொருள் சோதனை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. டப்பாவின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்தே ஆக வேண்டும், ஆகவே முழு ரகசியம் என்று சொல்லி விற்க முடியாது. இன்னொன்று, 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, சர்க்கரை, புற்றுநோய் போன்ற வியாதிகளைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். வாட்ஸ்அப்பில் போட்டாலும் விளம்பரம்தான்.

இதையெல்லாம் அவரிடம் கோபமாகச் சொல்லாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்: என்ன மூலிகை, எங்கிருந்து வருகிறது, உரிமத்துக்கு மனு கொடுத்தாயிற்றா, யார் சோதித்தார்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அதை அன்றைக்கே நிறுத்த வையுங்கள், பணம் எல்லாம் பிறகு. மூட்டு வலித் தைலம், தலைக்கு எண்ணெய் என்று மேலுக்குப் பூசும் ஒன்றிரண்டு பொருளை மட்டும் வைத்து, உரிமத்தோடு சின்னதாக ஆரம்பிக்கத் தயார் என்றால் அப்போது உதவுங்கள். அப்போதும் நகையை அடகு வைக்காமல், கையில் இருப்பதை மட்டும். உள்ளூர்ச் சந்தையில் பத்துப் பேருக்குச் சும்மா கொடுத்துப் பார்க்கட்டும், அடுத்த வாரம் எத்தனை பேர் காசோடு திரும்பி வருகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் வேர், பட்டை எல்லாமே உள்ளுக்குச் சாப்பிட லாயக்கில்லை என்கிறீர்களா?
— சித்த மருத்துவக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இல்லவே இல்லை தம்பி. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரைப் பாருங்கள். முகமது மனால் என்ற இளைஞர் 1930-ல் டேராடூனில் கையால் அழுத்தும் மாத்திரை மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்த ஹிமாலயா கம்பெனி 1934-ல் அந்த வேரிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்தது. பர்மாவில் மிரண்ட யானைகளுக்கு இந்த வேரைக் கொடுத்து அமைதிப்படுத்துவதை அவர் பார்த்தார் என்பது கம்பெனியே சொல்லும் கதை. ஆனால் வேருக்கு உலக மதிப்பு வந்தது கதையால் அல்ல. 1931-லேயே சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள், 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் (வக்கீல் என்பது குடும்பப் பெயர்தான்) நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார், 1952-ல் ரெசர்பின் என்ற சத்து தனியே பிரிக்கப்பட்டது. செடியின் பெயரைச் சொன்னார்கள், அளவைச் சொன்னார்கள், பிறகு அதனால் வரும் மனச்சோர்வையும் மறைக்காமல் எழுதினார்கள். நீங்கள் படித்து முடித்து வரும்போது இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

நாகேஸ்வர ராவின் கடைசிக் காலம் எப்படி? அவருக்குப் பிறகு தொழிலை யார் பார்த்தார்கள்?
— வாசகி, வேலூர்

1936-ல் தொழிலைப் பொது லிமிடெட் கம்பெனி ஆக்கினார். மறு வருஷம் நவம்பர் 16-ம் தேதி மயிலாப்பூரில் ஸ்ரீபாக் என்ற அவர் வீட்டில் கடற்கரை ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தனி ஆந்திரம் கிடைத்தால் தலைநகர் எங்கே, உயர்நீதிமன்றம் எங்கே, ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்றெல்லாம் இரு பக்கத்துக்கும் இருந்த சந்தேகத்தைத் தீர்க்கும் ஒப்பந்தம். வீட்டின் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது, ஸ்ரீபாக் ஒப்பந்தம் என்றுதான் இன்றைக்கும் ஆந்திர அரசியலில் பேசுகிறார்கள். 1953-ல் மாநிலம் பிறந்தபோது தலைநகர் கர்நூலுக்கும் உயர்நீதிமன்றம் குண்டூருக்கும் போனதில் அந்த ஒப்பந்தத்தின் நிழல் இருக்கிறது.

அதைப் பார்க்க அவர் இல்லை. கையெழுத்தாகி ஐந்து மாதத்துக்குள், 1938 ஏப்ரல் 11-ல் போய்ச் சேர்ந்தார். தைலமும் பத்திரிகையும் மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத்தின் கைக்கு வந்தன. நாளிதழ் பிறகு நின்றுபோனது, தைலம் நிற்கவில்லை. கம்பெனி அதே லஸ் சர்ச் சாலையில்தான் இருக்கிறது, பூங்காவும் அதே சாலையில்தான். வேலூரிலிருந்து வரும்போது காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள் அம்மா, பெரிய மரங்களுக்குக் கீழே வயதானவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார்கள், கிட்டே போனால் அவர்களில் ஒரு சிலரிடமிருந்து அந்த வாசனை வரும்.